கூரை இல்லாத கடை

பக்கத்து வீட்டு மாமியோடு கடைத்தெருவுக்குப் போவதென்றால் அந்த நாளில் எனக்கு வெட்கமாக இருக்கும். எல்லோரும் கடைக்குப் போய் விலை கேட்பார்கள். மாமி போய் விலை சொல்லுவார்.

கல்முனைக் கடைகளில் வெளிநாட்டுத் தகரப் பேணிகளும் பெட்டிகளும் வந்து குவியத் தொடங்கியிருந்த காலம் அது. பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்று பழகிய சனத்துக்கு அவற்றைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. கடைக்குள் நாலு பெண்கள் நின்று "பால்மா என்ன விலை தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். மாமி முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு அவர்களுக்கு முன்னால் போய் நிற்பார். ஒரு பேணியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார்.

"அங்க இது இருவது றியால்," என்பார். "சீனி, கிலோப் பக்கட்டு ரெண்டு. தேயிலப் பெட்டி ஒம்பது. டின்மீன் ரெண்டர."

பிறகு றியாலை ரூபாயாக்கி, கடைக்காரரின் விலைக்குப் பக்கத்தில் வைத்து, எது கூட, எது குறைய என்று விரல் மடக்காமல் சொல்லுவார். சீனி அங்கே மலிவு. நம் மலையில் முளைத்த தேயிலை அங்கே போய்ச் சேரும்போது மூன்று மடங்கு.

"அப்ப அங்கயே போய் வாங்குங்களன் மாமி," என்றார் ஒருநாள் கடைக்காரர், பொறுமை கெட்டு.

"போறதான். நேத்தும் போனன்," என்றார் மாமி.

பெண்கள் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. அக்கரைப்பற்றுக்கு அப்பால் எந்தப் பஸ்ஸிலும் ஏறியிராத மனுசி அவர்.

கடையை விட்டு இறங்கி மரக்கறிப் பக்கம் வந்ததும் வாய் மூடிவிடும். சவளக்கடை ஊரிலிருந்து கத்தரிக்காயும் பயற்றங்காயும் கொண்டுவந்து சாக்கில் பரப்பி வைத்திருக்கும் அம்மா ஒருத்தி மாமியைச் சீண்டுவதில் கெட்டிக்காரி. "என்னகா, இண்டைக்கி சவூதியில கத்தரிக்காய் எப்பிடிப் போகுது?" என்பாள்.

"அது அவ எழுதல்ல," என்பார் மாமி. அவ்வளவுதான். மீன் பக்கம் போனால் இன்னும் மோசம். தலையைக் குனிந்துகொண்டு, யாரோ துரத்துவதுபோல நடப்பார். மீன் வாசம் பிடிக்கவில்லையாக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். கடல் காற்றில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு மீன் வாசம் பிடிக்காமல் போகுமா என்று யோசிக்கிற பொறுமை எனக்கு இருக்கவில்லை.

மாமியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் இடையில் தென்னோலைக் கிடுகு வேலி ஒன்று. கணவர் மௌத்தாகிப் பல வருடம். ஒரே மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து தங்குவார். மாமி கட்டத் தொடங்கிய வீடு ஜன்னலுக்கு மேலே நாலு வரிக் கல் ஏறியதும் நின்றுபோனது. மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் இருந்தார். கூரை வரவில்லை, அவர் போய்விட்டார். அந்தக் கூரையைப் போடுவதற்காகத்தான் மகள் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மாமி அதே வளவின் மூலையில் ஓலைக் குடிசை ஒன்றில் தனியாக இருந்தார்.

நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. மகளின் கடிதங்கள் என் பள்ளிக்கூட விலாசத்துக்கு வரும். நான் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவேன், பதிலும் எழுதுவேன்.

முதல் கடிதத்தில் "நான் நல்ல சுகம், நல்லாச் சாப்பிடுகிறேன், கவலைப்பட வேண்டாம்" என்று இருந்தது. வாசித்து முடித்ததும் மாமியின் முகத்தில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

"'நல்லா இரிக்கன்' எண்டு எந்தப் புள்ளயும் எழுதும் மகள். சாமான் விலய எழுதச் சொல்லு." என்னையும் மாமி 'மகள்' என்றுதான் கூப்பிடுவார்.

"விலை என்னத்துக்கு மாமி?"

"வெளிய போய் வாற புள்ளக்கித்தான் விலை தெரியும். விலை தெரிஞ்சா அவ வெளிய வாறா, கடைக்குப் போறா, நாலு மனுசரப் பாக்குறா. அது போதும் எனக்கு."

எழுதினேன். அடுத்த கடிதத்திலேயே விலைகள் வந்தன. பால்மா, சீனி, தேயிலை, கோழிக் குழம்புக்குப் போடுகிற தூள், தக்காளிக் களி, டின்மீன், சவர்க்காரம். அன்று மாமி என் கையைப் பிடித்துக் கொஞ்சினார். இரண்டு நாளில் அத்தனையும் மனப்பாடம். அன்றிலிருந்து கல்முனைக் கடைக்காரர்களுக்குத் தலைவலி தொடங்கியது.

பதில் எழுதும்போது கடைசி வரி ஒன்று எப்போதும் சொல்லுவார்: "மீன் என்ன விலையெண்டு கேளு."

எங்கள் கரையில் அது வெறும் கேள்வி அல்ல. சந்தையிலிருந்து வருகிறவரைக் கண்டால் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் பையைப் பார்ப்போம். "மீன் என்ன விலை?" என்று கேட்போம். கொழும்பிலிருந்து வருகிறவரிடமும் அதைத்தான் கேட்போம். வெளியூர் போனவர்களும் அங்கே இறங்கியதும் மீன்கடை எங்கே என்றுதான் தேடுவார்கள். மகள் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. ஒருமுறை டின்மீன் விலையைத் திரும்ப எழுதியிருந்தாள். "இதோ, மீன் விலை எழுதியிருக்காளே," என்றேன் நான். "அது பேணி," என்றார் மாமி. அடுத்த பதிலிலும் அதே கடைசி வரி. எனக்கு எரிச்சல் வந்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிற பிள்ளையிடம் ஒரு மீனுக்கு இத்தனை பிடிவாதமா என்று மனதுக்குள் திட்டினேன்.

முன்தெருவில் ஒருத்தி இரண்டு வருட வேலை முடித்து மகள் இருந்த அதே நகரத்திலிருந்து திரும்பி வந்தாள். ஊரே அவளைப் பார்க்கப் போனது. மாமி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பாயில் உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டார். பால்மா இருபது, தேயிலை ஒன்பது, தக்காளிக் களி ஒன்றரை. வந்தவளுக்கு வாய் பிளந்துவிட்டது.

"அப்பிடியே சரி மாமி! நீங்க எப்ப அங்க இருந்த?"

மாமி அதைக் காதில் வாங்கவில்லை. "மீன் என்ன விலை?" என்றார்.

"பச்ச மீனா? கிலோ ஆறு றியால் மட்டில போகும். நான் அங்க இறங்கின கிழமையே மீன்கடையத்தானே முதல் பாத்தன். நம்மட ஊராக்களுக்கு வேற என்ன!" அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

மாமி பக்கத்தில் கிடந்த வெறும் பால்மாப் பேணி ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தலையில் நகத்தளவு வெள்ளைக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது, அதில் ஏதோ இலக்கம்.

"இது என்ன புள்ள?"

"விலை மாமி. அங்க பேணி பெட்டி ஒவ்வொண்டிலயும் இப்பிடி ஒட்டித்தான் வைப்பாங்க."

"மீனில?"

"மீனில எப்பிடி ஒட்டுற?" என்று அவள் மறுபடியும் சிரித்தாள்.

மாமி அந்த வெறும் பேணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணில் தண்ணீர். மகள் நினைவு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தோன்றவில்லை. படிப்பித்துக்கொடுக்கிறவள் என்று பெயர்.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்கள் தொடங்கின. ஒன்று, வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்ததும் மகளை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரரின் வீட்டுக்குப் போய், பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை கேட்டடியில் உட்கார்ந்திருப்பது. மகளைக் கூப்பிட்டுத் தா என்று கேட்பது. ஏஜென்சிக்காரர் ஒப்பந்தக் காலத்தைச் சொல்லித் துரத்துவார். நானும் ஏசினேன். "கூரை போடப் போன பிள்ளையைக் கூரை போடாமல் கூப்பிடவா? நல்லா இருக்கிறாள் என்றுதானே எழுதுகிறாள்?" என்றேன். மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கணக்கு விளங்காத பிள்ளையை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

மற்றது, அந்தக் கட்டி முடியாத வீடு.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பகல் சோற்றுக்கு உட்காரும்போது என் குசினியின் அடுப்படி ஜன்னலால் பார்த்தால், கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் மாமியின் முக்காடு தெரியும். ஒரு ஜன்னல் ஓட்டையில் தெரியும், மறையும், அடுத்த ஓட்டையில் தெரியும். மெதுவாக, நின்று நின்று. கையில் சந்தைப் பை. சில நேரம் குரலும் கேட்கும். ஆனால் யாரிடமும் பேசுகிற குரல் அல்ல அது. இலக்கங்கள் மட்டும்.

ஒருநாள் வேலி நீக்கலால் உள்ளே போனேன். லுஹர் தொழுகை நேரம், வெயில் தலைக்கு நேரே நிற்கிறது. சுவர் ஓரமெல்லாம், ஜன்னல் கட்டெல்லாம், வெறும் பேணிகளும் பெட்டிகளும் வரிசையாக நின்றன. ஊரெல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றின் தலையிலும் நகத்தளவு வெள்ளைக் காகிதம், சோற்றுப் பசையால் ஒட்டியது. எல்லாம் வெறும் காகிதம். ஒன்றிலும் ஒரு எழுத்தும் இல்லை.

"இது என்ன மாமி?"

"கடை," என்றார். "இது வாசல். கண்ணாடிக் கதவு, தள்ளினாத் தானா மூடும். இஞ்சால சீனி. இஞ்சால பால்மா. அந்த மூலையில எண்ண, தூள். வா."

பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. அறைபோல இருந்த இடத்தில் நுழைந்ததும் மாமி முக்காட்டைத் தோளில் இறுக்கிப் போர்த்திக்கொண்டார். "இஞ்ச குளிரும். கோழி வைக்கிற பெட்டி இரிக்கி," என்றார். தலைக்கு மேலே திறந்த வானம், வெயில் உச்சியைப் பிளக்கிறது. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் கையில் மயிர் குத்திட்டு நின்றது. எனக்குக் குளிர்ந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது.

"கடையில ஆக்கள் இல்லையா மாமி?" பேச்சை மாற்றக் கேட்டேன்.

"இல்ல. ஒவ்வொரு நாளும் வந்து தேடுறன். சாமான் இரிக்கி. விலை இரிக்கி. வாசம் இல்ல. ஆள் இல்ல. மூலை முடுக்கெல்லாம் பாத்திட்டன்." என் கையைப் பிடித்தார். விரல்கள் ஐஸாக இருந்தன. "அவ இந்தக் கடைக்குள்ள இல்ல மகள்."

"வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பா," என்றேன்.

மாமி கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு என்னை அந்தக் கடைக்குள் கூப்பிடவே இல்லை.

பிறகு கடிதம் நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். தபால்காரர் பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டதும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். மாமி ஒவ்வொரு நாளும் வேலியடியில் நிற்பார்.

"வந்திச்சா?"

"இல்ல மாமி."

சாப்பாடு நின்றுபோனது. நான் கொடுத்தனுப்பும் சோறு அப்படியே திரும்பி வரும். "அவ என்ன தின்னுறாளெண்டு தெரியாம எனக்கு இறங்குதில்ல," என்பார். கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. என் கைக்குழந்தைக்கு அந்த மாதம் ஓயாத காய்ச்சல். ராவெல்லாம் விழித்து, காலையில் படிப்பித்து, வீட்டுக்கு வந்தால் வேலியில் அந்த முகம். வந்திச்சா? வந்திச்சா?

பாவம் பார்த்துத்தான் செய்தேன் என்று பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தக் கேள்வியிலிருந்து தப்பினால் போதும் என்று இருந்தது.

ஒரு ஓய்வுப் பாடவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மகளின் கடிதத்தை நான் எழுதினேன். பழைய கடித உறை ஒன்றுக்குள் வைத்தேன். வாசிக்கத் தெரியாதவருக்குக் கையெழுத்து என்ன செய்யும்? சுகம், வேலை கூட, அதனால் எழுதக் கிடைக்கவில்லை. பால்மா ஒரு றியால் கூடிவிட்டது, சீனி அதே விலை. எழுதி முடித்து, மடிக்கப் போனவள் நின்றேன். மாமி இத்தனை நாள் கேட்டதை ஒருமுறை கொடுத்தால் என்ன? முன்தெருக்காரி சொன்ன இலக்கம் நினைவில் இருந்தது. கடைசி வரியாகச் சேர்த்தேன்: "உம்மா, மீன் கேட்டீர்கள். இங்கே பச்சை மீன் கிலோ ஆறு றியால்."

நல்ல வேலை செய்தேன் என்று ஒரு சந்தோசம்கூட வந்தது.

பின்னேரம் வாசித்துக் காட்டினேன். பால்மாவுக்கும் சீனிக்கும் மாமி அசையவில்லை. கடைசி வரிக்கு நிமிர்ந்தார்.

"மறுகா வாசி."

வாசித்தேன்.

"பச்ச மீனா? பேணி மீனா?"

"பச்ச மீன்தான் மாமி."

"பச்ச மீனெண்டு எழுதியிரிக்காளா? அவட கையாலயா?"

"ஓம்," என்றேன்.

மாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு சிரித்தார். "விட்டுட்டாங்க மகள். அவள வெளிய விட்டுட்டாங்க," என்றார். எனக்கு அது விளங்கவில்லை. விளங்காதது நல்லதாகவும் இருந்தது, ஏனென்றால் அன்று மாலை மாமி கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி வந்து தேங்காய்ப்பால் ஆணம் காய்ச்சினார். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. அப்படி ஒரு ஆணம் நான் பிறகு குடித்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாமி ஏஜென்சிக்காரர் வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். அடுத்த வெள்ளி போகவில்லை. கட்டி முடியாத வீட்டிலிருந்து பேணிகளை எல்லாம் எடுத்துக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கடை இப்ப எனக்குத் தெரியிதில்ல மகள். கதவப் பூட்டிட்டாங்க. உள்ள ஒரே இருட்டு," என்றார். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "இனி கடைய அவவே பாப்பா. நான் என்னத்துக்கு?" என்றார்.

பகலில் குசினி ஜன்னலால் பார்த்தால் சுவர்கள் மட்டும் தெரியும். மாமி தேறிவிட்டார் என்று கணவரிடம் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் மீன் விலை இருந்தது.

எட்டு மாதம் கழித்து மகள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டுக்காரர்களே இனி உதவமாட்டாள் என்று ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு பையை இடது கையில் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவால் நடந்து வந்தாள். வலது கை சால்வைக்குள் இருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் போகத் துணிவு வந்தது. குடிசைக்குள் மாமி சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். மகள் சுவரோடு சாய்ந்திருந்தாள். சால்வை விலகியிருந்தது. வலது கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தசையாக இருந்தன.

"எண்ணெய்ச் சட்டி, ராத்தா," என்றாள், நான் கேட்காமலே. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்ல. வீட்டிலேயே எதையோ பூசினாங்க. நேத்து கல்முனை ஆஸ்பத்திரியில காட்டின. ஆறு ஏழு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா ரெண்டு விரலெண்டாலும் பிரிச்சிருக்கலாம் எண்டாரு டாக்டர்."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "கடைக்கெல்லாம் போய் வந்த பிள்ளைதானே, வெளியில யாரிடமாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் எங்க ராத்தா கடைக்குப் போன? ரெண்டர வருசம் வீட்டு வாசல் கேட்டத் தாண்டல்ல. உம்மா விலை விலையெண்டு கேட்டா. குசினிக்கு வாற பேணியில ஒட்டியிரிக்கிறதப் பாத்து எழுதினன். வெளிய போறல்ல எண்டு எழுதினா உம்மா தாங்கமாட்டா எண்டுதான்."

மாமி கொழிப்பதை நிறுத்தவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும் மகள். பேணியில உள்ளதுதான் எல்லாம் வந்திச்சி. கத்தரிக்கா வரல்ல. மீன் வரல்ல. நம்மட ஊர்ப் புள்ள தெருவில இறங்கினா மீன் விலை தெரியாம வருமா? அந்த வெள்ளக் காயிதத்தக் கண்ட அண்டைக்கே விளங்கின, உன்னப் பூட்டி வச்சிரிக்காங்க எண்டு. எத்தின வெள்ளிக்கிழம அந்த ஏஜென்சிக்காரண்ட வாசல்ல கிடந்தன். கடைசியில அவனும் 'ஓம், அடுத்த மாசம் கூப்பிடுறன்' எண்டுட்டான்."

"மறுகா?" என்றாள் மகள்.

"மறுகா மீன் விலை எழுதினாய். வெளிய விட்டுட்டாங்க எண்டு நினச்சன். கூரையும் போட்டுட்டு வரட்டுமே எண்டு, நான்தான் போய் வேணாமெண்டன்."

மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"மீன் விலையா? நான் எழுதல்லயே உம்மா. எப்ப?"

"கடைசியில. ஆறு றியால் எண்டு."

"கை எரிஞ்ச பொறகு நான் ஒரு கடிதமும் எழுதல்ல உம்மா. எந்தக் கையால எழுதுற?"

சுளகு நின்றது. மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. சுளகில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி, வாசலால் எறிந்தார்.

"நீதான் எழுதின," என்றார் மகளிடம், அமைதியாக. "நோவில மறந்திட்டாய்." பிறகு, அப்போதும் என்னைப் பார்க்காமல், "இல்லயா மகள்? நீதானே வாசிச்ச," என்றார்.

"ஓம் மாமி," என்றேன்.

அதுதான் அந்த விஷயத்தைப் பற்றி எங்களுக்குள் நடந்த ஒரே பேச்சு. மகள் கொண்டுவந்த காசில் அந்த வீட்டுக்குக் கூரை போட்டார்கள். ஓடு ஏற்றிய நாளில் நான் உதவிக்குப் போனேன், மாமி எனக்கும் தேத்தண்ணீர் தந்தார். மகள் வாசலைத் தாண்டிக் கடைக்குப் போவதில்லை. அவளுக்கான சாமானை நான்தான் வாங்கிக் கொடுப்பேன். எது வேண்டும் என்றால், "எதெண்டாலும் பரவாயில்ல ராத்தா," என்பாள். மாமி அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் விலை சொன்னதில்லை. சவளக்கடை அம்மா சீண்டிப் பார்த்துவிட்டு, பதில் வராமல் விட்டுவிட்டாள்.

காலையில் மீன்காரரின் சைக்கிள் ஹோன் தெருமுனையில் கேட்கும். நான் போய் வாங்கிக்கொண்டு படலையைச் சாத்தும்போது வேலிக்கு அந்தப் பக்கம் மாமி நிற்பார்.

"இண்டைக்கி மீன் என்ன விலை மகள்?"

என்னைக் குத்துவதற்குக் கேட்டாரா, இல்லை தன் மனதைத் தேற்றிக்கொள்ளக் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. குரலில் கோபம் இருக்காது. அது இருந்திருந்தால் நல்லது. அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன் மாமி என்று ஒரு நாளாவது சொல்ல நினைத்து வாயைத் திறந்திருக்கிறேன். வேலிக்கு மேலே அந்தக் கண்களைக் காண்பேன், கையில் மீன் பை கனக்கும், விலையை மட்டும் சொல்லுவேன். கிடுகு வேலி போய் மதில் வந்த பிறகும், மதிலுக்கு மேலால் அந்தக் கேள்வி வரும். மாமி மௌத்தாகும் வரை, ஏழு வருடம், வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. நான் விலை சொன்னதும் மாமி முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொள்வார். உள்ளே திரும்பிப் போகும்போதுதான் சொல்லுவார்.

"அங்க ஆறு."